மெர்டேக்கா: அடிமையின் விடுதலையும் நாட்டின் விடுதலையும்

மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் விடுதலைக்கு வழங்கும் சொல் மெர்டேக்கா. இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17 அன்றும் மலாயா 1957 ஆகஸ்ட் 31 அன்றும் இந்தச் சொல்லைக் கொண்டே தம் விடுதலையை உலகுக்கு அறிவித்தன. ஜகார்த்தாவில் அரண்மனைக்கும் பெருந்திடலுக்கும், கோலாலம்பூரில் சதுக்கத்துக்கும் விளையாட்டரங்குக்கும், சிங்கப்பூரில் ஒரு பாலத்துக்கும் இதுவே பெயர். இதனால் இதை இருபதாம் நூற்றாண்டு அரசியல் பெற்றெடுத்த சொல்லாக எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதன் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அந்த நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் அது எந்த நாட்டையும் குறித்ததில்லை. வரி கட்ட வேண்டாத ஊரையும், ஆண்டானின் பிடியிலிருந்து விடுபட்ட ஆளையுமே குறித்தது. அப்படி விடுபட்டவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே தமிழ் பேசும் நிலத்துக்கும் இச்சொல்லின் வரலாற்றில் பங்கு உண்டு.

சொல்லின் வேர் வடமொழி. மகா என்பதோடு ருத்தி என்ற சொல் சேர்ந்து மகர்த்திக என்றாகிறது. ருத்தி என்றால் செழிப்பு, வளம், ஆற்றல். பெருஞ்செல்வமும் பேராற்றலும் உடையவர் மகர்த்திகர். பௌத்த நூல்களில் தவத்தால் அரிய சித்திகளைப் பெற்றவரை இச்சொல் சுட்டும். பாலி மொழியில் இதன் வடிவம் மகித்திக. பல்லவ எழுத்தும் வடமொழியும் கடல் கடந்து தென்கிழக்காசியாவில் பரவிய காலத்தில் இதுபோன்ற நூற்றுக்கணக்கான சொற்கள் அங்கே வேரூன்றின. ஜகார்த்தாவின் வடகிழக்கே தூகு என்னும் ஊரில் கிடைத்த, பூர்ணவர்மன் என்ற அரசனின் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு பல்லவ எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு. அந்த ஊர் இந்தக் கட்டுரையில் இன்னொரு காரணத்துக்காக மறுபடியும் வரும்.

பழைய ஜாவானிய மொழியில் மகர்த்திக என்ற சொல் அறிஞரையும் துறவியையும் புனிதரையும் குறித்தது. செல்வமும் ஆற்றலும் ஞானமாக மாறிய இந்தப் பொருள்மாற்றம் எளிதில் விளங்கக்கூடியதுதான். ஞானியைக் குறித்த சொல் விடுதலை பெற்றவரைக் குறிக்கத் தொடங்கியது எப்படி என்பதே சுவையான கேள்வி. ஆய்வாளர் பொதுவாகத் தரும் விளக்கம், விடையை அரசனின் வரிக் கணக்கில் தேடுகிறது. கோயிலையும் மடத்தையும் சார்ந்து வாழ்ந்தவர்கள் மன்னனுக்கு வரி செலுத்த வேண்டியதில்லை. ஊழியத்துக்குப் போக வேண்டியதுமில்லை. அந்தச் சலுகை பெற்றவர்களுக்கு வழங்கிய பெயர் நாளடைவில் அந்தச் சலுகைக்கே பெயராயிற்று. ஞானம் பின்னுக்குப் போய், யாருக்கும் கட்டுப்படாத நிலை முன்னுக்கு வந்தது.

ஜாவாவில் இந்தப் பொருள் நிலத்தின் மீதே ஏறி அமர்ந்தது. மர்திக்கா என்று சுருங்கிய சொல்லிலிருந்து பெர்திக்கான் என்ற சொல் பிறந்தது. பெர்திக்கான் ஊர் என்றால் வரியும் கட்டாய உழைப்பும் விலக்கப்பட்ட ஊர். அரச குடும்பத்தின் கல்லறைகளையோ இசுலாமியப் பெரியார்களின் அடக்கத் தலங்களையோ பராமரிப்பது, சமயக் கல்விக்கூடம் நடத்துவது ஆகிய பணிகளுக்கு ஈடாக ஓர் ஊருக்கு இந்தத் தகுதி வழங்கப்பட்டது. தெமாக் அருகிலுள்ள கடிலாங்கு, சுனான் காலிஜாகாவின் அடக்கத் தலத்துக்காக இந்தத் தகுதியைப் பெற்றது. பொனொரோகோ பகுதியின் தெகல்சாரி, தன் சமயப் பள்ளிக்காகப் பெற்றது. ஜாவா இந்து, பௌத்த சமயங்களைப் பின்பற்றிய நாளில் சீமா என்ற பெயரில் இதே ஏற்பாடு இருந்தது. எல்லைக்கல் நட்டு, கோயிலுக்கென வரி நீக்கி விடப்பட்ட நிலமே சீமா. சமயம் மாறிய பின்னும் ஏற்பாடு மாறவில்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தி ஆகாது. தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் என்று சோழர் கல்வெட்டுகள் பேசும் இறையிலி நிலங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. ஸ்ரீவிஜய அரசனின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டதை லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. கடலின் இரு கரைகளிலும் அரசர்கள் அறத்துக்கென ஒரே விதமாக வரி நீக்கினார்கள். ஆனால் இறையிலி என்ற தமிழ்ச்சொல் நிலத்தோடு நின்றுவிட்டது. ஜாவாவின் மர்திக்கா நிலத்தைவிட்டு இறங்கி மனிதரை நோக்கி நடந்தது.

மலாய் உலகில் அது முழுக்க முழுக்க மனிதரைப் பற்றிய சொல்லாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் தொகுக்கத் தொடங்கிய மலாக்காச் சட்டத் தொகுப்பு, மக்களை மெர்டேக்கா என்றும் ஹம்பா என்றும் பிரித்துப் பேசுகிறது. ஹம்பா என்றால் அடிமை. ஒரே குற்றத்துக்கு மெர்டேக்காவான ஆளுக்கு ஒரு தண்டனை, ஹம்பாவுக்கு வேறு தண்டனை. காயப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்து ஈட்டுத்தொகையும் மாறும். அரபு எழுத்தைத் தழுவிய ஜாவி எழுத்தில் இச்சொல்லைப் பழைய ஏடுகள் மெர்தெஹிக்கா என்று எழுதின. பேச்சில் தேய்ந்துபோன வடமொழி ஹகரம் எழுத்தில் மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் தங்கியிருந்தது.

இச்சொல்லிலிருந்து மெமெர்டேக்காகான் என்ற வினையும் உண்டாயிற்று. அடிமையை விடுவித்தல் என்பது அதன் பொருள். இசுலாமியச் சட்டத்தில் சில பிழைகளுக்குக் கழுவாயாக ஓர் அடிமையை விடுவிக்கலாம். ரமலான் நோன்பைச் சில வகைகளில் முறித்தவருக்கும், தவறிக் கொலை செய்தவருக்கும் இந்தக் கழுவாய் சொல்லப்பட்டிருக்கிறது. மலாய் மொழியில் எழுந்த சமய நூல்கள் இதை விளக்க வந்த இடங்களிலெல்லாம் இந்த வினையையே கையாண்டன. ஆகவே ஒரு மலாய் விவசாயியின் செவியில் மெர்டேக்கா என்ற சொல் பல தலைமுறைகளாக ஒரே காட்சியோடுதான் விழுந்திருக்கும்: அடிமையாக இருந்த ஒருவர், ஆண்டான் வாய்மொழிந்த கணத்தில், அடிமையல்லாதவராகிறார். பின்னாளில் இந்தச் சொல்லுக்கு வந்த வேகத்தைப் புரிந்துகொள்ள இதை மறக்கக் கூடாது.

ஐரோப்பியர் வந்தபின் சொல் இன்னொரு திருப்பத்தை அடைந்தது. மலாக்காவிலும் மலுக்குத் தீவுகளிலும் போர்த்துகீசியர் கோட்டைகளைச் சுற்றி, கிறித்தவரான விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்கள் வழிவந்தோரும் குடியேறினார்கள். அவர்களை மர்திக்கா என்று அழைத்தனர். ஸ்பானியர் 1663இல் தெர்னாத்தே தீவைவிட்டு வெளியேறியபோது அவர்களோடு கிளம்பிய மர்திக்காக் குடும்பங்கள் பிலிப்பைன்சின் கவீத்தே மாநிலத்தில் குடியமர்ந்தன. அந்த ஊர் இன்றும் தெர்னாத்தே என்றே அழைக்கப்படுகிறது.

1619இல் டச்சுக்காரர் ஜயகர்த்தாவை அழித்து பத்தாவியாவை நிறுவினார்கள். இன்றைய ஜகார்த்தா அதுதான். புதிய நகருக்கு ஆள் வேண்டும். சுற்றியிருந்த ஜாவானியரை நம்பி நகருக்குள் குடிவைக்க டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அஞ்சியது. அதனால் கடல் கடந்து அடிமைகளைக் கொண்டுவந்தது. வங்காளம், அரக்கான், மலபார், பாலி, சுலவேசி என்று பல திசைகளிலிருந்தும் மனிதர்கள் வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோழமண்டலக் கரை அவற்றில் முக்கியமான ஒரு மூலம். டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியிருந்தார்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தார்கள். இந்தத் துறைமுகங்களிலிருந்து துணியோடு மனிதரும் ஏற்றுமதியானார்கள்.

இந்த வணிகம் ஆண்டுதோறும் ஒரே சீராக நடந்ததில்லை. பஞ்சமும் போரும் வந்தபோது பொங்கியது. மழை பெய்து விளைந்தபோது வற்றியது. மிகக் கொடிய காலம் 1659 முதல் 1661 வரையிலானது. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாயக்கரின் நாட்டுக்குள் புகுந்து பாழாக்கின. தொடர்ந்து பஞ்சம் வந்தது. பசிக்குப் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். பலர் தம்மையே விற்றுக்கொண்டனர். அந்த ஓரிரு ஆண்டுகளில் மட்டும் டச்சுக்காரர் இந்தக் கரையிலிருந்து எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். காவிரிப் படுகையில் நெல் விளைவித்த கைகள் இலங்கையின் வயல்களிலும் கோட்டை வேலைகளிலும் போய் உழைத்தன. தமிழக வரலாற்று நூல்களில் நாயக்கர் காலத்துக் கோயில்களுக்கும் சுவரோவியங்களுக்கும் கிடைக்கும் பக்கங்களில் ஒன்றிரண்டாவது இந்த மக்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பத்தாவியாவில் இறங்கியவுடன் அடிமையின் பெயர் போய்விடும். ஆவணங்களில் வாங்கியவர் இட்ட ஒரு பெயரும், அதோடு ஒட்டிய ஊரின் பெயரும் மட்டுமே மிஞ்சின. வங்காளத்து இன்னார், மலபாரத்து இன்னார், சோழமண்டலத்து இன்னார் என்ற அளவில் பதிவு முடிந்துவிடும். விடுதலைக்குச் சில வழிகள் இருந்தன. ஆண்டான் சாகும்போது உயிலில் எழுதி வைக்கலாம். அடிமையே சிறுகச் சேர்த்துத் தன் விலையைச் செலுத்தலாம். கிறித்தவரானவர்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல். விடுதலை ஒரு பத்திரப் பதிவாளர் முன் எழுத்தில் முடிய வேண்டும். அப்படி விடுபட்ட கிறித்தவரையும் அவர் பிள்ளைகளையும் டச்சுக்காரர் மார்டைக்கர் என்று அழைத்தார்கள். மெர்டேக்கா என்ற மலாய்ச் சொல் டச்சு நாக்கில் அடைந்த வடிவம் அது. ஐரோப்பியரான சுதந்திரக் குடிகளுக்கு வேறு பெயர் இருந்தது. மார்டைக்கர் என்ற பெயர் ஒருவரை அடிமையல்லர் என்று சொன்ன அதே மூச்சில், முன்பு அடிமையாக இருந்த கூட்டத்தவர் என்றும் சொல்லிவிட்டது.

1673இல் பத்தாவியா நகருக்குள் வாழ்ந்தோர் கணக்கெடுக்கப்பட்டனர். மொத்தம் 27,068 பேர். அவர்களில் அடிமைகள் 13,278. அதாவது ஏறக்குறையப் பாதி. மார்டைக்கர் 5,362. டச்சுக்காரர் 2,024 பேர்தான். விடுதலை பெற்றவர்களும் அடிமைகளும் சேர்ந்து நகரின் மூன்றில் இரு பங்குக்கு மேல். ஆசியக் கடலின் டச்சுத் தலைநகரம் என்று பெயர் பெற்ற ஊரில் தெருவில் அதிகம் கேட்டது டச்சு மொழி இல்லை. மார்டைக்கர் பேசிய போர்த்துகீசியக் கலப்பு மொழியும் மலாயும்தான்.

மார்டைக்கருக்கெனத் தனிப் படைப்பிரிவுகளும் தலைவர்களும் இருந்தார்கள். கைத்தொழில், தோட்டம், சில்லறை வணிகம் என்று பிழைத்தார்கள். கம்பெனியின் போர்களுக்கும் சென்றார்கள். நகரச் சுவருக்கு வெளியே அவர்களுக்கென 1695இல் திறந்த போர்த்துகீசியத் தேவாலயம் இன்றும் ஜகார்த்தாவில் நிற்கிறது. இப்போது அதன் பெயர் சீயோன் தேவாலயம். கொஞ்சம் வசதி வந்ததும் பல மார்டைக்கர்கள் தாங்களே அடிமைகளை வாங்கினார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த நகரில் விடுதலை என்பது அடிமைமுறைக்கு வெளியே போவதற்கான வழியாக இருக்கவில்லை. அதே அமைப்புக்குள் ஒரு படி மேலே ஏறுவதாகவே இருந்தது. மெர்டேக்கா என்பதற்கு அன்றைய சமூகம் வைத்திருந்த எல்லை அவ்வளவுதான்.

1661இல் இருபத்துமூன்று மார்டைக்கர் குடும்பங்களுக்கு நகரின் வடகிழக்கே நிலம் கிடைத்தது. அந்த இடம்தான் தூகு. சதுப்பும் காடுமாக இருந்த அந்தக் கடலோரப் பகுதியில் அவர்கள் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்ந்தார்கள். பைபிளை மலாய் மொழியில் பெயர்க்கத் தொடங்கிய டச்சுப் போதகர் மெல்கியோர் லெய்டெக்கர் தம் இறுதி ஆண்டுகளை அங்கே கழித்தார். நகரில் பதினெட்டாம் நூற்றாண்டோடு மறைந்த போர்த்துகீசியக் கலப்பு மொழி, தூகுவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சிலர் வாயில் உயிரோடு இருந்தது. சிறு கித்தார்களை வைத்து வாசிக்கும் கெரோன்சோங் என்ற இசை இந்த மக்களிடமிருந்துதான் இந்தோனேசியா முழுவதும் பரவியது. நகரத்து மார்டைக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பக்கம் ஐரோப்பியக் கலப்பினத்தாரோடும் மறுபக்கம் பெத்தாவி எனப்படும் ஜகார்த்தா மண்ணின் மக்களோடும் கரைந்தார்கள். 1833இல் இறந்த அகுஸ்தைன் மிகீல்ஸ் பெரும் நிலங்களை ஆண்ட செல்வந்தர். அவர் மார்டைக்கர் வழிவந்தவர்.

இதே வடமொழிச் சொல்லின் மற்றொரு கிளை பிலிப்பைன்சுக்குப் போனது. தகாலோக் மொழியில் அது மகார்லிக்கா. ஹுவான் தெ பிளாசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி 1589இல் எழுதிய குறிப்பு, தகாலோக் சமூகத்தில் தாத்து எனப்படும் தலைவர்கள், மகார்லிக்கா எனப்படும் சுதந்திரர், அலிப்பின் எனப்படும் அடிமைப்பட்டோர் என்ற அடுக்குகள் இருந்ததைக் கூறுகிறது. மகார்லிக்காக்கள் திறை செலுத்த வேண்டியதில்லை. தலைவனோடு போருக்குச் செல்ல வேண்டும். ஜாவாவின் வரியில்லா ஊருக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. இருபதாம் நூற்றாண்டில் அங்கே சொல்லின் போக்கு தலைகீழாகத் திரும்பியது. அது அரசகுலம், பெருமகன் என்ற பொருளைப் பெற்றது. பின்னாளில் அதிபரான பெர்டினாண்ட் மார்க்கோஸ் தாம் நடத்தியதாகக் கூறிக்கொண்ட கெரில்லாப் படைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அவர் ஆட்சியில் நாட்டின் நெடுஞ்சாலைக்கும் அதே பெயர் வந்தது. நாட்டின் பெயரையே மகார்லிக்கா என்று மாற்றும் யோசனையும் எழுந்தது. 2023இல் தொடங்கிய அரசு முதலீட்டு நிதியும் அந்தப் பெயரைத் தாங்குகிறது. பிலிப்பைன்சின் விடுதலைப் போராளிகள் நாடிய சொல் வேறு. கத்திப்பூனான் இயக்கம் 1896இல் தன் இதழுக்குக் கலாயாவான் என்று பெயரிட்டது. ஒரே வேரின் ஒரு கிளையில் விடுபட்ட அடிமையும் மறுகிளையில் அரசகுலத்தானும் காய்த்தார்கள்.

அடிமைமுறை சட்டத்தில் முடிந்த கதை நீளமானது; இங்கே அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டச்சு இந்தியத் தீவுகளில் 1860 ஜனவரி 1 முதல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. மலாய் மாநிலங்களில் கடனுக்காக அடிமையாகும் வழக்கம் இன்னும் நீடித்தது. பேராக் மாநிலத்தில் கடனாளியும் மனைவி மக்களும் கடன் கொடுத்தவரின் வீட்டில் காலவரையின்றி உழைத்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், தப்பி வந்த கடனடிமைகளுக்குப் புகலிடம் தந்தார். 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ பொறுப்பிலிருந்தபோது 1883 முடிவில் பேராக்கில் இந்த முறை சட்டப்படி அகற்றப்பட்டது. அதாவது இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, மெர்டேக்கா என்ற சொல்லின் பழைய பொருளை நேரில் அறிந்த முதியவர்கள் மலாய் ஊர்களில் இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

அந்த நினைவு ஆறுவதற்குள் சொல் அரசியல் மேடை ஏறியது. 1913இல் நெதர்லாந்து, நெப்போலியனின் பிடியிலிருந்து தான் விடுபட்ட நூற்றாண்டைக் கொண்டாட முனைந்தது. தன் காலனியிலும் கொண்டாட்டம் நடத்தி அதற்கு மக்களிடமே பணம் திரட்ட முற்பட்டது. ஜாவாவைச் சேர்ந்த சுவார்டி சூர்யனிங்ராட், தாம் ஒரு டச்சுக்காரராக இருந்தால் அடிமைப்பட்ட மக்கள் நடுவே இப்படி ஒரு விழாவை நடத்தமாட்டேன் என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். டச்சு மொழியில் வெளியானதோடு அது மலாய் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அவர் நாடுகடத்தப்பட்டார். பிற்காலத்தில் கீ ஹஜர் தேவந்தாரா என்ற பெயரோடு இந்தோனேசியக் கல்வியின் தந்தையாகப் போற்றப்பட்டவர் அவரே.

நெதர்லாந்தில் படித்த இந்தோனேசிய மாணவர்கள் தங்கள் சங்க இதழுக்கு 1924இல் இந்தோனேசியா மெர்டேக்கா என்று பெயர் மாற்றினார்கள். இரண்டே சொற்கள், இரண்டும் டச்சு அரசுக்கு எரிச்சலூட்டியவை. இந்தோனேசியா என்ற நாடு அப்போது எந்தச் சட்டத்திலும் இல்லை. மெர்டேக்கா என்ற அடைமொழி, அந்த இல்லாத நாட்டை ஓர் அடிமையாக உருவகித்து அதற்கு விடுதலை கேட்டது. சங்கத் தலைவர் முகம்மது ஹட்டா 1927இல் கைதாகி 1928இல் ஹேக் நீதிமன்றத்தில் தம் வாதத்தை நிகழ்த்தி விடுதலையானார். தேசியத் தலைவர் சுகர்ணோ 1933இல் இந்தோனேசியாவின் விடுதலையை எய்துவது பற்றி எழுதிய சிறுநூலுக்குப் பின் மீண்டும் கைதாகி, ஃபுளோரஸ் தீவின் எண்டேவுக்கு அனுப்பப்பட்டார்.

1945 ஜூன் 1 அன்று, அப்போது நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜப்பானியர் அமைத்த விடுதலை ஆயத்த ஆய்வுக் குழுவின் முன் சுகர்ணோ ஆற்றிய உரை பஞ்சசீலக் கொள்கையின் பிறப்பாக நினைக்கப்படுகிறது. அந்த உரையின் முதற்பகுதி முழுவதும் மெர்டேக்கா என்றால் என்ன என்ற வினாவைப் பற்றியது. அவையில் சிலர், மக்கள் கல்வியும் உடல்நலமும் பெற்ற பிறகே நாடு விடுதலை பெற வேண்டும் என்று எண்ணினர். சுகர்ணோ அதை ஏற்கவில்லை. இபின் சவூத் அரபுநாட்டை நிறுவியபோதும் லெனின் சோவியத் அரசை அமைத்தபோதும் மக்களில் எத்தனை பேர் எழுத்தறிந்திருந்தார்கள் என்று கேட்டார். அரசியல் விடுதலை ஒரு பொற்பாலம், சமூகத்தைச் செப்பனிடும் வேலை பாலத்துக்கு அப்பால் இருக்கிறது, தனிமனிதர் ஒவ்வொருவரையும் விடுவிப்பது விடுபட்ட நாட்டுக்குள் நடக்க வேண்டிய பணி என்பது அவர் வாதத்தின் சாரம். பழைய சொல் தனியாளிலிருந்து தொடங்கியது. சுகர்ணோ வரிசையை மாற்றினார். முதலில் நாடு, பிறகு ஆள். அடுத்த அரை நூற்றாண்டில் இந்தோனேசியா கண்ட கொடுமைகளை நோக்க, அந்த இரண்டாம் பகுதியை நாடு நெடுங்காலம் கடனாகவே வைத்திருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

1945 ஆகஸ்ட் 17 காலை ஜகார்த்தாவின் பெகாங்சான் தீமூர் தெரு 56ஆம் எண் வீட்டில் சுகர்ணோ வாசித்த விடுதலைப் பிரகடனம் இரண்டே வாக்கியங்கள். அதே மாதம் 31ஆம் நாள் புதிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது: செப்டம்பர் 1 முதல் மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது வலக்கையை உயர்த்தி, ஐந்து விரல்களையும் விரித்து, மெர்டேக்கா என்று சொல்லி வணங்க வேண்டும். அந்நாளைய ஜாவாவில் பேசுபவரின் தகுதிக்கும் கேட்பவரின் தகுதிக்கும் தக்கபடி பேச்சின் படியே மாறும், வணக்கமும் அப்படித்தான். மேலோர் கீழோர் அனைவருக்கும் ஒரே வணக்கம், அதுவும் கை உயர்த்தி, தலை நிமிர்ந்து என்பது பெரிய சமூக மாற்றம். ரயில் பெட்டிகளிலும் டிராம்களிலும் சுவர்களிலும் இச்சொல்லை எழுதினார்கள். நவம்பரில் சுரபாயாவில் பிரிட்டிஷ் இந்தியப் படைகளை எதிர்த்து மடிந்த இளைஞர்களின் முழக்கம், மெர்டேக்கா இல்லையேல் மரணம் என்பது.

அடுத்த ஆண்டு, டச்சுக்காரரோடு போர் மூண்டிருந்த அதே காலத்தில், குடியரசு பெர்திக்கான் ஊர்களை ஒழித்துச் சட்டம் இயற்றியது. எல்லோரும் குடிமக்கள் என்ற நாட்டில் சில ஊர்களுக்கு மட்டும் தனிச் சலுகை இருக்க முடியாது. மர்திக்கா என்ற சொல்லின் பழைய பயன் சட்டத்தில் இத்தோடு முற்றுப்பெற்றது. நெதர்லாந்து 1949 டிசம்பர் 27 அன்று அதிகாரத்தைக் கையளித்தது. தலைமை ஆளுநரின் அரண்மனை மெர்டேக்கா அரண்மனையாயிற்று. 1945 ஆகஸ்ட் 17ஐ இந்தோனேசிய விடுதலை நாளாக நெதர்லாந்து முழுமையாக ஏற்பதாகப் பிரதமர் மார்க் ருட்டே கூறியது 2023இல்தான்.

மலாயாவில் சொல் இடதுசாரிகளின் கையில் முதலில் இருந்தது. 1945 அக்டோபரில் ஈப்போவில் தொடங்கிய மலாய் தேசியக் கட்சியும், அகமது போஸ்தமாம் தலைமையிலான ஆப்பி என்ற இளைஞர் அமைப்பும் இந்தோனேசியாவைப் பார்த்து மெர்டேக்கா முழக்கத்தை எடுத்தன. இரத்தம் சிந்தியும் விடுதலை என்று பேசிய போஸ்தமாம்மீது அரசநிந்தனை வழக்குப் போட்ட பிரிட்டிஷ் அரசு, 1947இல் ஆப்பியைத் தடை செய்தது. 1946இல் தொடங்கிய அம்னோ கட்சியின் முழக்கம் அப்போது மலாய் இனம் வாழ்க என்ற பொருளுடையது. 1951இல் தலைமைக்கு வந்த துங்கு அப்துல் ரகுமான் அதை நீக்கி மெர்டேக்காவை வைத்தார். அரசு தடைசெய்த இயக்கங்களின் சொல்லை, அரசோடு பேச்சு நடத்திய கட்சி தன்னுடையதாக்கிக்கொண்டது. துங்குவின் அரசியலில் இதைவிடக் கூர்மையான முடிவு அரிது. இன வாழ்த்தைச் சீனரும் தமிழரும் சேர்ந்து முழங்க முடியாது. மெர்டேக்காவை முழங்க முடியும்.

1955 ஜூலைத் தேர்தலில் அம்னோ, மலாயச் சீனர் சங்கம், மலாய இந்தியர் காங்கிரஸ் ஆகியவை அடங்கிய கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. மறு ஆண்டு லண்டன் சென்ற குழு பிப்ரவரி 8 அன்று ஒப்பந்தம் செய்தது. பிப்ரவரி 20 அன்று மலாக்காத் திடலில் துங்கு விடுதலை நாளை அறிவித்தார். சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் அதே 1956இல் மெர்டேக்கா வாரம் நடத்தி 1,67,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். அவர் லண்டன் சென்று நடத்திய பேச்சு முறிந்தது. ஜூனில் பதவி விலகினார். அதே மாத இறுதியில் திறந்த காலாங் பாலத்துக்கு மெர்டேக்கா என்ற பெயர் மட்டும் நிலைத்தது. கோலாலம்பூரில் 1957 ஆகஸ்ட் 31 காலை, அதற்கெனக் கட்டிய விளையாட்டரங்கில் பிரகடனத்தை வாசித்த துங்கு ஏழு முறை மெர்டேக்கா என்று முழங்கினார். ஒவ்வொரு முறையும் கூட்டம் திருப்பி முழங்கியது.

அந்த முழக்கத்தில் தோட்டத் தமிழரின் குரலும் இருந்தது. மலாய இந்தியர் காங்கிரசின் தலைவர் வீ. தி. சம்பந்தன் முதல் அமைச்சரவையில் இருந்தார். ரப்பர்த் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரைக் கொண்டுவந்த முறை 1910இலும், கங்காணி முறை 1938இலும் முடிந்திருந்தன. லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு விடுதலையின் முதற்கேள்வி குடியுரிமையாகவே இருந்தது. மெர்டேக்கா நாளன்றோ அதன் பின்னரோ மலாயாவில் பிறந்தவர்கள் 1957 அரசமைப்பின்படி குடிமக்கள் ஆனார்கள். அதற்கு முன் பிறந்தவர்களும் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் வசித்த காலத்தைக் காட்டி, மொழித் தேர்வு உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும்படி தமிழரைத் தொடர்ந்து வற்புறுத்தினார். மலாயாத் தோட்டங்களில் படிவம் நிரப்பத் தெரியாமலும், பிறப்புச் சான்று இல்லாமலும், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பிலும் பலர் விண்ணப்பிக்கவில்லை. 1969 இனக்கலவரத்துக்குப் பின் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரம் தமிழர் தோட்டங்களைவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் குடியுரிமை கிட்டாதவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடிமக்களுக்கு நீல அட்டை. விடுதலை பெற்ற மலேசியாவிலேயே பிறந்தும் தாய்தந்தையரின் சான்றிதழ்க் குறையால் நீல அட்டைக்காக அலுவலகங்களில் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உண்டு.